'மிகவும் திருப்தி' என்று வட்டமிட்டவள் எழுதுவது

பெறுநர்: முனைவர் பட்டப் பாடத்திட்டக் குழுவின் தலைவர், உறுப்பினர்கள்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்களிடம் ஒரு படிவம் கொடுத்து வாங்கினீர்கள். பிஎச்டியில் ஆய்வு தொடங்கும் முன் படித்துத் தேர்வு எழுத வேண்டிய கோர்ஸ்வொர்க்கின் முதல் தாளான 'ஆய்வு முறையியலும் புள்ளியியலும்' எப்படி இருந்தது என்று கேட்கும் படிவம். இருபது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒன்று முதல் ஐந்து வரை எண்கள். ஐந்து என்றால் 'மிகவும் திருப்தி'. இருபதுக்கும் ஐந்தையே வட்டமிட்டுக் கொடுத்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த இருபது ஐந்துகளையும் இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில், படிவம் வாங்கிய விதம். ஹால் டிக்கெட் கொடுக்கும் நாள் அது. வரிசையின் முனையில் ஒரு மேசை, மேசைமேல் படிவக் கட்டு. நிரப்பிக் கொடுத்தால்தான் ஹால் டிக்கெட் கைக்கு வரும். படிவத்தின் தலையில் பதிவு எண் எழுதக் கட்டம் இருந்தது. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து வாங்கி அடுக்கியவர் அந்தத் தாளை எங்களுக்கு நடத்திய சாரேதான். அகமதிப்பீட்டு மதிப்பெண்ணை அவர் இன்னும் அனுப்பவில்லை என்பது வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரியும். எனக்கு முன்னால் நின்ற தாவரவியல் துறை அண்ணன் திரும்பி, "எல்லாத்துக்கும் அஞ்சு போட்டுட்டு வாம்மா, பஸ் போயிடும்" என்றார். போட்டுவிட்டு வந்தேன்.

ஏழாவது கேள்வி இது: 'ஆசிரியர் பாடத்தைத் தெளிவாகவும் குறித்த காலத்துக்குள்ளும் நடத்தி முடித்தாரா?' தெளிவாக நடத்தினார். முடிக்கவில்லை, ஐந்தாம் அலகை நகலெடுத்துக் கொடுத்துப் படித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். இதற்கு எந்த எண்ணை வட்டமிடுவது? பதினெட்டாவது கேள்வி, 'இத்தாள் உங்கள் ஆய்வுக்குப் பெரிதும் துணைபுரிந்ததா?' என்றது. எங்களில் பாதிப் பேருக்கு அப்போது ஆய்வுத் தலைப்பே உறுதியாகவில்லை. வேடிக்கை என்னவென்றால், ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்வியை வைக்காதே, பதிலைக் கேள்விக்குள்ளேயே ஊட்டாதே, ஒருவர் இன்னும் அனுபவிக்காததைப் பற்றிக் கேட்காதே என்று மூன்றாம் அலகில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே இந்தத் தாள்தான். என் நோட்டில் தேதியோடு இருக்கிறது. அதற்கு மூன்று வாரம் கழித்துப் படிவம் கைக்கு வந்தது.

அப்புறம் துறைப் பலகையில் முடிவை ஒட்டியிருந்தார்கள்: சராசரி 4.8. ரென்சிஸ் லிக்கர்ட் 1932இல் இந்த வகை அளவுகோலைக் கொண்டுவந்தபோது அதை ஹால் டிக்கெட்டுக்கு விலையாகக் கேட்பார்கள் என்று நினைத்திருக்க மாட்டார். அந்த 4.8இல் பாடம் எவ்வளவு, பயம் எவ்வளவு, பஸ் நேரம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல நீங்கள் சொல்லிக்கொடுத்த எந்தச் சோதனையாலும் முடியாது.

நாலாம் அலகில், இரண்டு குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் 'ஸ்டூடண்ட்ஸ் டி-டெஸ்ட்' இருந்தது. பெயரைப் பார்த்து, மாணவர்களுக்காகச் சுருக்கிய எளிய சோதனை போல என்று நினைத்தவர்கள் எங்கள் வகுப்பில் உண்டு. நானும்தான். டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட், ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆய்வு வெளியிட நிறுவனம் இடம்கொடுக்காததால், 1908இல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் எழுதினார். அந்தப் புனைபெயர்தான் இன்றுவரை சோதனைக்கு நிற்கிறது. தன் வேலையைக் காப்பாற்றிக்கொண்டு உண்மையைச் சொல்ல அவருக்கு ஒரு முகமூடி கிடைத்தது. எங்களுக்குப் பதிவு எண் கட்டம் கிடைத்தது.

இதையெல்லாம் ஒரு படிவத்தின் குறை என்று நானும் மறந்திருப்பேன், அதே தப்பைக் களத்தில் நானே செய்யாமல் இருந்திருந்தால்.

என் ஆய்வு மகளிர் சுய உதவிக் குழுக்களைப் பற்றியது. தமிழ்நாட்டில் இந்தத் திட்டம் 1989இல் தருமபுரியில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கியது. குழு மூலம் வரும் கடனை என்ன செய்வது என்று வீட்டில் யார் முடிவெடுக்கிறார்கள் என்பது என் கேள்வி. எத்தனை பெண்களைக் கேட்பது? 384. ஏன் அந்த எண் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு முன்னால் முடித்த சீனியர்களின் தீசிஸில் மூன்றாம் இயலைத் திறந்தால் அங்கேயும் 384 உட்கார்ந்திருந்தது. அதிலிருந்துதான் நான் எடுத்தேன். கிரெஜ்சியும் மார்கனும் 1970இல் வெளியிட்ட, எத்தனை பேரைக் கேட்டால் போதும் என்று சொல்லும் அட்டவணையில் பெரிய மக்கள்தொகைகளுக்கு எதிரே இருக்கும் எண் அது. 1.96ஐ வர்க்கப்படுத்தி, 0.25ஆல் பெருக்கி, 0.05இன் வர்க்கத்தால் வகுத்தால் 384.16 வரும். ஆனால் அந்தக் கணக்குக்கு நிபந்தனை உண்டு. குடவோலைப் பானைக்குள் கைவிட்டு எடுத்தது போல ஒவ்வொருவரும் தனித்தனியாக, தற்செயலாகத் தேர்வாகியிருக்க வேண்டும். அதுவும் ஏதோ ஒரு விகிதத்தை ஐந்து சதவீதப் பிழைக்குள் மதிப்பிடத்தான். அட்டவணையை நாங்கள் மனப்பாடம் செய்தோம். நிபந்தனை ஒரே வரியில் வந்துபோனது.

நான் 32 குழுக்களுக்குப் போனேன், குழுவுக்கு 12 பேர். பெருக்கினால் சரியாக 384 வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். குழுக் கூட்டம் நடக்கும் நேரத்திலேயே போனால் எல்லோரையும் ஒரே இடத்தில் பிடித்துவிடலாமே என்று போய்ப் பாயில் உட்கார்ந்துகொண்டேன். டீ கொடுத்தார்கள். வினாத்தாளை, குழுவை நடத்தும் ஊக்குநர் அக்கா வாங்கி, "நான் படிக்கறேன், நீங்க சொல்லுங்க" என்று ஆரம்பிப்பார். மூன்றாவது கேள்விக்குள் அவரே எல்லோருக்குமாகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அடுத்த குழுவிலும் அப்படித்தான். எனக்கு அது உதவியாகத்தான் பட்டது.

கணினியில் ஏற்றியதும், கேள்விகளுக்கான பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் குரோன்பாக் ஆல்பா 0.96 வந்தது. 0.7க்கு மேல் இருந்தால் போதும் என்பது பாடம், எனக்கு 0.96! ஹாஸ்டலில் நாலு பேருக்குக் காட்டினேன். நெறியாளர் மேடம்தான் எக்செல் தாளை மெதுவாகக் கீழே உருட்டிப் பார்த்துவிட்டு, "இந்தப் பன்னிரண்டு வரியும் ஒரே மாதிரி இருக்கே, பாத்தியா?" என்றார். ஒரு குழு முழுக்க 5. அடுத்த குழு முழுக்க 4. அதற்கடுத்தது மறுபடி 5. கேள்விக்குக் கேள்வி பதில்கள் ஒத்துப்போனதால் ஆல்பா ஏறிவிட்டது. ஒத்துப்போனதற்குக் காரணம், குழுவுக்கு ஒரே ஆள் பதில் சொன்னது. 384 பெண்கள் என்று எழுதிவைத்திருந்தேன். கையில் இருந்தது 32 ஊக்குநர்களின் கருத்து. எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளுக்கு அது எப்படித் தெரியும்? 384 தனித்தனி ஆட்கள் என்று நம்பி, அட்டவணை முழுக்க 'குறிப்பிடத்தக்கது' என்று காட்டும் நட்சத்திரம் போட்டுக் கொடுத்துவிட்டது.

அந்த எக்செல் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஹால் டிக்கெட் மேசை ஞாபகம் வந்தது. பொறுப்பில் இருப்பவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார், எல்லோரும் ஐந்து போடுகிறார்கள். நீங்கள் எங்களிடம் செய்ததைத்தான் நான் அந்தப் பெண்களிடம் செய்திருக்கிறேன்.

இப்போது மறுபடியும் போய்க்கொண்டிருக்கிறேன், ஒவ்வொருவரின் வீட்டுக்கும் தனியாக, சாயங்காலங்களில். ஒரு நாளைக்கு நாலு பேரைப் பார்க்க முடிந்தால் பெரிய விஷயம். கடன் முடிவு யாருடையது என்ற கேள்விக்குப் போன வருடத் தாளில் 'நானே' என்று இருந்த ஒரு அக்கா, அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, "கையெழுத்து நான் போடுவேம்மா, பணம் அவருகிட்ட போயிரும்" என்றார். என் ஐந்து படிகளில் இந்தப் பதிலை எந்தப் படியில் வைப்பது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

இதில் பாடத்தின் பங்கு என்ன? எல்லோரையும் கேட்காமல் சிலரை மட்டும் எடுத்துக் கேட்பதால், அதாவது கூறெடுப்பால், வரும் பிழைக்கு எங்களுக்கு அரைப் பக்கம் சூத்திரம் இருந்தது. கேட்கும் ஆள், கேட்கும் இடம், கேள்வியின் வாசகம் இவற்றால் வரும் பிழைக்கு ஒரு பத்தி, அதுவும் ஐந்தாம் அலகில், அதாவது நகலெடுத்துக் கொடுத்ததில். இத்தனைக்கும் இந்த இரண்டாவது வகைப் பிழையைப் பிடிக்க வழி சொன்னவர் நம் நாட்டுக்காரர். 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய மகலநோபிஸ், வங்காளத்தின் பயிர்க் கணக்கெடுப்புகளில் ஒரே பகுதியைத் தனித்தனிக் குழுக்களிடம் கொடுத்து, அவர்கள் கொண்டுவந்த கணக்குகளை ஒப்பிட்டுப் பார்த்தார். கணக்குகள் விலகினால் தப்பு களத்தில் இருக்கிறது, ஆட்களிடம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். இதைச் செய்ய எஸ்பிஎஸ்எஸ்கூட வேண்டாம். என் 32 குழுக்களில் நாலே நாலு குழுவுக்கு வேறொரு தோழியை அனுப்பியிருந்தால் எனக்கு ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும். பாடத்தில் அவர் பெயரே வரவில்லை.

பி வேல்யூவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நிஜத்தில் தொடர்பே இல்லாவிட்டாலும் இப்படியொரு முடிவு தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் எண் அது. '0.05க்குக் கீழே வந்தால் "தொடர்பு இல்லை" என்ற கருதுகோளைத் தள்ளு, மேலே வந்தால் ஏற்றுக்கொள்' என்று மந்திரம் போலத்தான் படித்தோம். அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016இல் தனியாக ஓர் அறிக்கையே விட்டது: கருதுகோள் உண்மையாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதைப் பி வேல்யூ சொல்லாது, வெறும் 0.05ஐத் தாண்டியதா என்று பார்த்து முடிவெடுக்காதீர்கள் என்று. எங்களுக்குக் கொடுத்த நோட்ஸில் அந்தத் தப்பான விளக்கம்தான் சரியான விடையாக இருந்தது. அதன் விளைவைத் தீசிஸ்களில் பார்க்கலாம். வயதுக்கும் திருப்திக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்க ஒரு கை-வர்க்கச் (chi-square) சோதனை, படிப்புக்கும் திருப்திக்கும் ஒன்று, கல்யாணம் ஆனதா ஆகாததா என்பதற்கும் வங்கிச் சேவைத் திருப்திக்கும் ஒன்று என்று நாற்பது சோதனை. எதற்கும் எதற்கும் தொடர்பே இல்லாவிட்டாலும், தனித்தனியான நாற்பது சோதனையில் ஒன்றாவது 0.05க்குக் கீழே வந்து நிற்க 87 சதவீத வாய்ப்பு. 0.95ஐ நாற்பது முறை பெருக்கி ஒன்றிலிருந்து கழித்தால் வந்துவிடும். வந்து நிற்கும் அந்த ஒன்றுதான் பிறகு 'முக்கியக் கண்டுபிடிப்பு' ஆகிறது.

குறை சொல்ல மட்டும் எழுதவில்லை. ஐந்து போட வேண்டிய வகுப்புகளும் இருந்தன. ஒரு நாள் கரன்ட் போய்விட்டது. சார் எங்களை வாசலில் இருந்த பஸ் ஸ்டாப்புக்குக் கூட்டிக்கொண்டு போய், இரண்டு தடத்துப் பஸ்களும் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகின்றன என்று குறிக்கச் சொன்னார். ஒரு தடம் 14, 16, 15. இன்னொன்று 2, 28, 15. "ரெண்டுக்கும் சராசரி பதினஞ்சுதான். எந்த பஸ்ஸை நம்பி வீட்டை விட்டுக் கிளம்புவீங்க?" என்று கேட்டார். திட்ட விலக்கம் என்றால் என்ன என்பது பி.காம். முதல் எம்.காம். வரை கணக்குப் போட்டும் புரியாமல், அந்த மரத்தடியில் புரிந்தது. இன்னொரு நாள், கல் வைக்கும் தராசு ஒவ்வொரு முறையும் தப்பாமல் ஐம்பது கிராம் குறைத்தே நிறுத்தால் அதை நம்பலாமா என்று ஆரம்பித்து ரிலையபிலிட்டி (ஒவ்வொரு முறையும் ஒரே அளவைக் காட்டுவது) வேறு, வேலிடிட்டி (சரியான அளவைக் காட்டுவது) வேறு என்று காட்டினார். என் 0.96 அந்தத் தராசுதான் என்று பிறகு விளங்கியது. வகுப்பில் புரிந்ததைக் களத்தில் அடையாளம் கண்டுபிடிக்கத்தான் பழக்கம் இல்லை.

பழக்கம் எங்கிருந்து வரும்? தேர்வு அப்படி. பத்து எண்களைக் கொடுத்து, சாதாரணக் கால்குலேட்டரில் ஒட்டுறவுக் கெழு, அதாவது இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்ற எண், கண்டுபிடி, பதினைந்து மதிப்பெண். பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் 1973இல் நாலு தரவுத் தொகுப்புகளை உருவாக்கினார். நாலுக்கும் ஒரே சராசரி, ஒரே ஒட்டுறவு, 0.82 அளவில். படம் வரைந்து பார்த்தால் ஒன்று சாதாரணச் சிதறல், ஒன்று வளைகோடு, மற்ற இரண்டிலும் ஒற்றைப் புள்ளி மொத்தக் கணக்கையும் இழுத்துக்கொண்டு போயிருக்கும். எங்கள் தேர்வில் நாலுக்கும் முழு மதிப்பெண் கிடைத்திருக்கும், படம் போடாமலே. நோட்டைத் திறந்துவைத்து, கணினி முன்னால் உட்கார்த்தி, அழுக்கான ஒரு தரவுக் கோப்பைக் கொடுத்து, இதில் என்ன கோளாறு என்று கேளுங்கள். தரவுக்கும் பஞ்சமில்லை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின் வீடுவாரித் தரவைப் பதிவு செய்துகொண்டு இலவசமாக இறக்கலாம். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளும் இலவசம். அதற்கு ஒரு ஆய்வகமும் வாரம் இரண்டு மணி நேரமும் இருந்தால், பல்கலைக்கழக வாசலில் 'டேட்டா அனாலிசிஸ் செய்து தரப்படும்' என்று போர்டு மாட்டியிருக்கும் ஜெராக்ஸ் கடைகளில் கூட்டம் குறையும்.

எங்களோடு தமிழ்த்துறையிலிருந்து ஒரு அக்கா இருந்தார். ஓலைச்சுவடிகளில் பாடபேதம் பார்ப்பவர். ஒரு சொல் எந்தச் சுவடியில் எப்படித் திரிந்தது என்று அவர் சொல்ல ஆரம்பித்தால், அதைவிடக் கறாரான ஆய்வு முறை இருக்க முடியாது என்று தோன்றும். அந்த முறையைப் பற்றி இந்தத் தாளில் ஒரு சொல் இல்லை. அவர், பல குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் அனோவா அட்டவணையை மனப்பாடம் செய்து எழுதி, தேர்ச்சிக்கு வேண்டிய 55 சதவீதம் எட்டாமல், மறுபடி எழுதினார். முறையியலை எல்லோருக்கும் ஒரே தாளாக வைக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சொல்லவில்லை. 2016 விதிகளில் முறையியல் தாள் 'ஒன்றோ அதற்கு மேற்பட்டதோ' என்றுதான் இருந்தது. 2022 விதிகள் கோர்ஸ்வொர்க்குக்குக் குறைந்தது 12 கிரெடிட் என்று இடமும் கொடுக்கின்றன. இரண்டாகப் பிரிப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

ஆய்வு நெறித் தாளைப் பற்றிச் சுருக்கமாக. 2 கிரெடிட், 30 மணி நேரம் என்பது யுஜிசி கணக்கு. எங்களுக்கு இரண்டு சனிக்கிழமையில் முடிந்தது. 2018 விதிப்படி பிறர் எழுத்தோடு 10 சதவீதத்துக்கு மேல் ஒப்புமை வந்தால் என்ன ஆகும் என்று விலாவாரியாகச் சொன்னார்கள். வீட்டில் உட்கார்ந்து நிரப்பிய வினாத்தாளை எந்த மென்பொருளும் பிடிக்காது என்பதை யாரும் சொல்லவில்லை.

இதைப் படித்துவிட்டு, சரி, இனி மாணவர் போடும் மதிப்பெண்ணை வைத்தே ஆசிரியர்களை எடைபோடுவோம் என்று கிளம்பிவிடாதீர்கள். எங்கள் வட்டங்களிலும் கோணல் உண்டு. அமெரிக்காவில் இணையவழி வகுப்பு ஒன்றில் நடந்த சோதனை 2015இல் வெளியானது. ஆசிரியர்களை மாணவர்கள் நேரில் பார்க்கவே இல்லை. ஒரே ஆசிரியர் ஒரு குழுவுக்கு ஆண் பெயரிலும் இன்னொரு குழுவுக்குப் பெண் பெயரிலும் நடத்தினார். ஆண் பெயருக்குத்தான் கூடுதல் மதிப்பெண் விழுந்தது. எங்கள் அடுத்த பிரிவுக்கு இதே தாளை நடத்திய மேடம் வினாத்தாளை மூன்று முறை திருப்பி எழுதச் சொல்வார்; 'ரொம்பக் கறார்' என்று அவர்மேல் அத்தனை முணுமுணுப்பு. அந்தப் பிரிவில் இருந்த என் தோழி களத்துக்குப் போய் ஒரு கேள்வியைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஹால் டிக்கெட் நாளில் அவளிடம் கேட்டிருந்தால் அந்த மேடத்துக்கு 3 போட்டிருப்பாள். இன்றைக்குக் கேட்டுப் பாருங்கள்.

அதனால் இன்றைக்குக் கேளுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. எங்கள் பேட்ச் ஆட்கள் இப்போது களத்தில், ஆய்வகத்தில், சுவடி நூலகத்தில் இருக்கிறார்கள். பதிவு எண் இல்லாமல், வேறு துறை ஆள் ஒருவரை வைத்து, மூன்று கேள்வி கேட்டால் போதும். இந்தத் தாளில் படித்த எதை நிஜமாகப் பயன்படுத்தினீர்கள்? எது தெரியாமல் மாட்டிக்கொண்டீர்கள்? எதைக் கடையில் காசு கொடுத்துச் செய்துகொண்டீர்கள்? எண் வேண்டாம், நாலு வரி எழுத இடம் விடுங்கள். மூன்றாவது கேள்விக்கு நிறையப் பதில் வரும் என்பது என் கருதுகோள். சோதித்துப் பாருங்கள்.

என் தீசிஸ் இன்னும் உங்கள் மேசைக்கு வர வேண்டியிருக்கிறது. ஆகவே பெயர் போடவில்லை.

இப்படிக்கு,
ஸ்டூடண்ட்